கொழிஞ்சாம்பாறையிலிருந்து சொந்தப் பெயரில் ஃபவுண்டேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையில் பதினோரு வருடமாக பியூட்டி பார்லர் நடத்துகிறேன். மாவட்டம் பாலக்காடு, மாநிலம் கேரளா. ஆனால் கடைவீதியில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். வேலந்தாவளத்தையோ கோபாலபுரத்தையோ தாண்டினால் தமிழ்நாடு. ஒரே வாரத்தில் பொள்ளாச்சிக் கவுண்டர் வீட்டுப் பெண்ணுக்கும் சித்தூர் நாயர் வீட்டுப் பெண்ணுக்கும் மேக்கப் போடுவேன் (இது எங்கள் சித்தூர், ஆந்திராவில் இருப்பது வேறு). மூன்று வருடத்துக்கு முன் சொந்தப் பெயரில் ஃபவுண்டேஷன் (மேக்கப்பில் முகம் முழுக்கப் பூசும் தோல்நிறப் பூச்சு) இறக்கினேன். அதிலிருந்து இந்தப் பக்கம் பார்லர் வைத்திருக்கும் பெண்கள் போனில் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். பதிலை ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அக்கா, பிரைவேட் லேபிள் என்றால் சரியாக என்ன? நாமே தயாரிப்பதா?

இல்லை. ஃபேக்டரியிடம் ஏற்கனவே ஒரு ஃபார்முலா இருக்கும். அதை வாங்கி, பாட்டில் தேர்ந்தெடுத்து, நம் பெயரை ஒட்டி விற்கிறோம். இன்னொரு வழி, நமக்கென்றே புதிதாக ஃபார்முலா செய்யச் சொல்வது. அதற்குப் பணமும் காலமும் அதிகம். நான் போனது நடுவழி: பேஸ் (நிறமி சேர்ப்பதற்கு முந்தைய அடிப்படைக் கலவை) அவர்களுடையது, ஷேடு மட்டும் என்னுடையது. சிறிய ஆளுக்கு இதுதான் கட்டுப்படியாகும் என்பது என் எண்ணம். பேஸில் கை வைக்காமல் நிறமியின் அளவை மட்டும் மாற்றுவதால், ஃபேக்டரிக்காரர்களும் ரொம்ப முரண்டு பிடிப்பதில்லை.

லைசென்ஸ் யாருக்கு வேண்டும்?

தயாரிப்பவருக்கு. 1940-ஆம் வருட மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், அதன் கீழ் வந்த 2020-ஆம் வருட அழகுசாதன விதிகளும்தான் இதற்கு ஆதாரம். ஃபேக்டரியின் தயாரிப்பு உரிமம் சிஓஎஸ்-8 என்ற படிவத்தில் இருக்கும். அதை மாநில உரிம அதிகாரி தருவார். நகலைக் கேட்டு வாங்குங்கள். வாங்கி ஃபைலில் வைத்தால் மட்டும் போதாது, அதில் ஃபவுண்டேஷன் என்ற பொருள் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சோப்புக்கும் ஷாம்புக்கும் மட்டும் உரிமம் வைத்துக்கொண்டு "எல்லாம் பண்ணித் தருவோம் மேடம்" என்பவர்கள் உண்டு. இன்னொருவருடைய ஃபேக்டரியில் நம் பேரிலேயே உரிமம் எடுத்துத் தயாரிப்பது 'லோன் லைசென்ஸ்'. அதற்குப் படிவம் சிஓஎஸ்-9. தொடங்கும்போது அது தேவைப்படாது.

வெளிநாட்டிலிருந்து மலிவாக இறக்கிப் பெயர் ஒட்டலாம் என்று யாராவது ஆசை காட்டினால், இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள். மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு தரும் அந்தச் சான்று இல்லாத சரக்கைத் தொடவே வேண்டாம்.

ஒரு கிலோ பக்கெட்டாக வாங்கி, வீட்டிலேயே பாட்டிலில் ஊற்றி ஸ்டிக்கர் ஒட்டினால் என்ன?

சட்டத்தில் 'தயாரிப்பு' என்ற சொல்லுக்குள் பாட்டிலில் அடைப்பதும் லேபிள் ஒட்டுவதும் சேர்த்தி. அதனால் வேண்டாம். சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், நம் சமையலறை மேடையில் திறந்து ஊற்றிய திரவத்தில் என்ன கிருமி போய் உட்காரும் என்று நமக்குத் தெரியாது. பூசிக்கொள்பவர் முகம் நம்முடையது இல்லை.

எத்தனை ஷேடு வைக்க வேண்டும்? பெரிய கம்பெனிகள் 40 வைக்கிறார்களே?

2017-இல் ஃபென்ட்டி பியூட்டி 40 ஷேடுகளோடு வந்த பிறகு எல்லோருக்கும் அந்த எண் மேல் ஒரு மோகம். அவர்கள் உலகத்துக்கு விற்கிறார்கள். நாம் வாளையாருக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே விற்கிறோம். நான் 8-இல் நிறுத்தினேன்.

அந்த எட்டு எப்படி வந்தது என்பதுதான் விஷயம். ஃபேக்டரி அனுப்பிய ஷேடு கார்டில் 12 நிறம். முதல் ஐந்து, எங்கள் ஊரில் யாருக்கும் பொருந்தாத ரோஸ் கலந்த வெளிர் நிறங்கள். கடைசி இரண்டு, திடீரென்று காப்பிக்கொட்டை நிறத்துக்குப் பாய்கின்றன. நடுவில், நம் ஜனங்களில் பெரும்பாலோர் இருக்கும் இடத்தில், பெரிய ஓட்டை. கார்டை மூடி வைத்துவிட்டேன். ஒரு முகூர்த்த மாதம் முழுக்க, வந்த ஒவ்வொருவருடைய தாடை ஓரத்திலும் சந்தையில் இருக்கும் பாட்டில்களில் எது பொருந்துகிறது, எதை எதோடு கலந்தால் பொருந்துகிறது என்று ஒரு நோட்டில் குறித்தேன். கல்யாணப் பெண் மட்டும் இல்லை, கூட வந்த அம்மா, சித்தி, மதினி எல்லோரையும். மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்தால், நாம் 'மாநிறம்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதற்குள் மட்டும் நான்கு ஷேடு தேவைப்பட்டது. 'சிவப்பு' என்பதற்கு ஒன்று போதும். புதுநிறத்துக்கு ஒன்று, கருப்பு என்பதற்கு இரண்டு.

இந்தச் சொற்களை நம்பி ஆர்டர் எடுக்காதீர்கள். தமிழ் வீட்டில் மாநிறம் என்கிற அதே முகத்தை மலையாள வீட்டில் 'இருநிறம்' என்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் புதுநிறம் என்பார்கள். யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து முகமே மாறுகிறது! பாட்டிலில் நான் எண் மட்டும் போட்டேன். அண்ணன் மகள் கருப்பட்டி, சுக்குக்காப்பி என்றெல்லாம் அழகாகப் பெயர் எழுதிக் கொடுத்தாள். வாடிக்கையாளர்கள் "நம்பர் 4 ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள்.

அண்டர்டோன் எப்படிப் பார்ப்பது?

மேல்தோல் எவ்வளவு கருப்பு, எவ்வளவு சிவப்பு என்பது ஒரு கணக்கு. அடியில் மஞ்சளடிக்கிறதா, செம்மையடிக்கிறதா, பச்சைச் சாயலா என்பது வேறு கணக்கு. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்கள். நம் தோலில் பல பேருக்கு நரம்பே சரியாகத் தெரியாது. அதைவிட, மூன்று ஷேடைத் தாடை ஓரத்தில் கோடாக இழுத்து, வாசலுக்குக் கூட்டிவந்து வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். எது காணாமல் போகிறதோ அதுதான் அவருடையது. உடனே முடிவு செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள். ஈரம் ஆவியாகி, தோலின் எண்ணெயில் நிறமி நனைந்ததும் நிறம் ஒரு படி இறங்கும். அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

எங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நலங்கு வைத்த மறுநாள் ஷேடு பார்க்க வருவார்கள். முகம், கழுத்து, கை எல்லாம் மஞ்சள். அன்றைக்கு எதைப் பொருத்தினாலும் கல்யாணத்தன்று தப்பாகும். ஷேடு பார்ப்பதை நலங்குக்கு முன்பே முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் மஞ்சள் படாத இடமாகப் பார்த்து, காதுக்குப் பின்னால் கழுத்தோரம் பொருத்துங்கள்.

கருத்த முகத்துக்குப் போட்டால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறதே, ஏன்?

இதில் நான் பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஃபவுண்டேஷன் நிறம் அடிப்படையில் நான்கு பொடிதான். வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, அப்புறம் மஞ்சள், சிவப்பு, கருப்பு இரும்பு ஆக்சைடுகள். லேபிளில் இவை சிஐ என்ற நிறமிக் குறியீட்டு எண்களாக, இதே வரிசையில் 77891, 77492, 77491, 77499 என்று இருக்கும். ஆழமான ஷேடு செய்ய வேண்டுமென்றால் வெள்ளையைக் குறைத்து, மஞ்சளையும் சிவப்பையும் ஏற்றி, கருப்பைப் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். சோம்பேறித்தனமான வழி, வெளிர் ஷேடிலேயே கருப்பைக் கொட்டுவது. வெள்ளையும் கருப்பும் சேர்ந்தால் என்ன? சாம்பல்.

எனக்கு வந்த முதல் லாட்டில் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியில்) நம்பர் 7-உம் 8-உம் அப்படித்தான் வந்தன. பாட்டிலில் பார்க்க நன்றாகவே இருந்தது. கையில் தடவியபோதும் தெரியவில்லை. என் கை நம்பர் 5, எப்படித் தெரியும்? மீனாட்சிபுரத்தில் ஒரு கல்யாணம். விடிகாலை முகூர்த்தம், டியூப் லைட் வெளிச்சத்தில் போட்டுவிட்டேன். தாலி கட்டியதும் போட்டோகிராபர் கேமராவைத் திருப்பிக் காட்டினார். பெண்ணின் முகம் மட்டும் சிமெண்ட் பூசினாற்போல், கழுத்தும் தோளும் பளபளவென்று அவளுடைய சொந்த நிறத்தில். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அம்மாதான், "கண்ணு, இது எம்பொண்ணு மொகமே இல்லையே" என்றார். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஃபேக்டரியில் கேட்டால், "டார்க் ஷேடுன்னா அப்படித்தான் மேடம் வரும்" என்றார்கள். வராது. வேறு இடத்தில், வெள்ளையைக் குறைத்து, துளி அல்ட்ராமரைன் நீலம் சேர்த்துச் செய்தபோது ஆழம் கிடைத்தது, சாம்பல் போனது. அதனால் சாம்பிள் வந்ததும் அந்தந்த நிறத்துக்காரரின் முகத்தில் போட்டு, இருட்டில் ஃபிளாஷ் அடித்து போட்டோ எடுத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் ஒரு பாட்டில்கூட ஆர்டர் கொடுக்காதீர்கள்.

நம் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் எந்த மாதிரி ஃபார்முலா?

பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறதே, அது எங்கள் தோலுக்கு இரண்டு விதமாக வேலை வைக்கிறது. மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும், வழிந்து ஓடும் வியர்வை. டிசம்பர், ஜனவரியில் கணவாய் வழியே வறண்ட காற்று அடித்து உதடும் கன்னமும் வெடிக்கும். தண்ணீர் அதிகமுள்ள பேஸ் காற்றுக் காலத்தில் சுகம், வெயிலில் கரைந்து ஒழுகும். சிலிக்கோனுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்த பேஸ் வியர்வையைத் தாங்கும், வறண்ட தோலில் மூக்கோரம் திட்டுத்திட்டாக நிற்கும். இரண்டு ஃபார்முலா வைக்க வசதி இல்லை. நான் சிலிக்கோன் வகையில் கிளிசரின் கொஞ்சம் அதிகமுள்ளதை எடுத்தேன். காற்றுக் காலத்தில் அடியில் மாய்ச்சரைசர் போடச் சொல்லி விற்கிறேன்.

கல்யாணப் பெண், வேலைக்குப் போகிறவர், நாட்டியம் ஆடும் பிள்ளை எல்லோருக்கும் ஒரே பாட்டிலா?

முதல் இரண்டு பேருக்கும் ஒரே பாட்டில் போதும். கஞ்சிக்கோடு கம்பெனிக்கு ஷிப்ட் போகிற பெண் ஒரு பம்ப் எடுத்து விரலால் தேய்த்துக்கொள்வாள். கல்யாணப் பெண்ணுக்கு அதையே பஞ்சால் ஒற்றி ஒற்றி இரண்டு அடுக்கு. மலையாளக் கல்யாணத்தில் பெரும்பாலும் "போட்டதே தெரியக் கூடாது சேச்சி" என்பார்கள். நம் பக்கம் மேடை விளக்குக்கு எடுப்பாக வேண்டும். நடுத்தரமாக மூடும் ஃபவுண்டேஷன் என்றால் இரண்டுக்கும் வளைந்து கொடுக்கும்.

அரங்கேற்றம் தனி. அங்கே தேவை பான்கேக்கோ ஸ்டிக்கோதான், இரண்டும் கட்டியான மேடைப் பூச்சு. திரவ ஃபவுண்டேஷனை அதற்கு விற்றால் இரண்டாவது உருப்படியிலேயே கழுத்தில் வழியும். மங்கு உள்ளவர்களுக்கு ஃபவுண்டேஷனைத் தடியாக அப்புவதைவிட, முதலில் ஆரஞ்சுச் சாயல் கரெக்டர் (கருத்த திட்டின் நிறத்தை அடக்கும் பூச்சு) கொஞ்சம் ஒற்றிவிட்டு மேலே மெல்லியதாகப் போடுவது நல்லது. அதனால் என் இரண்டாவது சரக்காகவே கரெக்டரைச் சேர்த்தேன். மாப்பிள்ளைகளும் இப்போது கேட்கிறார்கள். தாடி ஓரத்தில் திப்பியாக நிற்காமல் பார்த்துக்கொண்டால் அதே பாட்டில்தான்.

என்னென்ன பரிசோதனை கேட்க வேண்டும்?

முதலில் சூடு. 40 டிகிரியில், 75 சதவீத ஈரப்பதத்தில் மூன்று மாதம் வைத்துப் பார்த்த அறிக்கை. எங்கள் ஊர்க் கோடைக்கு அது மிகையான சோதனை இல்லை, தகரக் கூரை குடோனில் சாதாரண நாளே அப்படித்தான். அப்புறம் கிருமி: வேண்டுமென்றே கிருமியைச் சேர்த்து, சரக்கு கெடாமல் காக்கும் சேர்மானம் 28 நாளில் அதை அழிக்கிறதா என்று பார்க்கும் சோதனை. நிறமிகளில் ஆர்செனிக் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு), ஈயம் 20 பிபிஎம் தாண்டக் கூடாது. பாதரசம் தெரியாமல் கலந்தாலும் 1 பிபிஎம்முக்குள். ஒவ்வொரு லாட்டுக்கும் பகுப்பாய்வுச் சான்று கேளுங்கள்.

ஆர்செனிக் எங்கே மேக்கப்பில் வரப்போகிறது என்று நினைக்காதீர்கள். நாம் வேஷம் கட்டுவதற்கே 'அரிதாரம் பூசுதல்' என்கிறோம். அரிதாரம் என்பது மஞ்சள் நிற ஆர்செனிக் தாது. கதகளிக்காரர்கள் அதை மனயோலை என்பார்கள். சிவப்புக்கு அவர்கள் எடுக்கும் சாயில்யம் நம் சாதிலிங்கம், அதில் இருப்பது பாதரசம். முகப்பூச்சும் இவையும் இந்த மண்ணில் பழைய கூட்டாளிகள்தான்.

விலங்குகளின் மேல் சோதனை செய்வதை 2014-லேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். எனவே அதைப் பெரிய சாதனையாக லேபிளில் போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

நம் பங்குக்கு, தெரிந்த பத்துப் பதினைந்து பேரின் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் எழுதி வையுங்கள்.

எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 30 என்று போட்டால் விற்பனை ஏறுமா?

ஏறும். ஆனால் அந்த எண்ணை மனிதர்கள் மேல் சோதித்த அறிக்கை இருந்தால்தான் போட வேண்டும். "டைட்டானியம் இருக்குல்ல மேடம், போட்டுக்கலாம்" என்று ஒருவர் எனக்கும் சொன்னார். நான் போடவில்லை.

எவ்வளவு முதலீடு ஆகும்?

ஷேடுக்கு 500 பாட்டில் என்பது பல இடங்களில் சொல்லும் குறைந்தபட்சம், சிலர் 1,000 என்பார்கள். 8 ஷேடு, 500 வீதம், 4,000 பாட்டில். ஒரு பாட்டில் அடக்கம் 120 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால் 4,80,000. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 86,400. ஆக 5,66,400 ரூபாய், இன்னும் ஒரு பாட்டில்கூட விற்காமல். அதனால் மொத்த அளவைப் பேசி முடித்துவிட்டு, அதை ஷேடுவாரியாக நம் இஷ்டத்துக்குப் பிரிக்க விடுவார்களா என்று கேளுங்கள். என் நோட்டின்படி 4-உம் 5-உம் நிறைய, 1 கொஞ்சம் என்று எடுக்க முடிந்தது. காலி பாட்டிலும் பம்பும் தனிக் கணக்கு. அட்டைப்பெட்டிக்குத் தங்க முலாம் எழுத்து வேண்டுமென்று அடம்பிடித்து நான் தொலைத்த காசில் இன்னும் ஒரு ஷேடு இறக்கியிருக்கலாம்.

பார்டர் தாண்டி விற்பதற்கு வரி எப்படி?

வாளையார் வணிகவரிச் செக்போஸ்ட் காலம் 2017 ஜூலையோடு முடிந்தது. ஆனால் வேறு ஒன்றைக் கவனியுங்கள். ஒரே மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்றால் வருடம் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் ஓட்டலாம், பார்லர் சேவையும் சேர்ந்தால் 20 லட்சம் வரைதான். இங்கிருந்து கோபாலபுரம் தாண்டி அந்தப் பக்கக் கடைக்கு ஒரு பாட்டில் விற்றாலும் அது வேறு மாநிலம், முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். வீட்டிலிருந்து பத்து நிமிடம்தானே என்ற கணக்கு அங்கே செல்லாது. சரக்கின் மதிப்பு 50,000 தாண்டினால் இ-வே பில் (சரக்கு போகும் வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டும்.

பெயரை, அழகுசாதனப் பொருட்கள் வரும் மூன்றாம் வகுப்பில் டிரேட்மார்க் பதிவு செய்யுங்கள். தனிநபரோ சிறு நிறுவனமோ ஆன்லைனில் போட்டால் கட்டணம் 4,500 ரூபாய். நான் சரக்கு வந்த பிறகு விண்ணப்பித்தேன். அது முட்டாள்தனம், லேபிள் அச்சடிக்கும் முன்பே செய்ய வேண்டும்.

லேபிள் தமிழில் இருக்கலாமா?

கட்டாய விவரங்களை ஆங்கிலத்தில் போட்டுவிட்டு, கூடவே தமிழும் மலையாளமும் சேர்க்கலாம். தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், லாட் எண், தயாரித்த மாதம், காலாவதி, அளவு, எம்ஆர்பி, ஒரு மில்லி என்ன விலை, புகாருக்குப் போன் எண், சேர்மானப் பட்டியல். சேர்மானத்தை அதிகமுள்ளதில் தொடங்கி இறங்குவரிசையில் எழுத வேண்டும். எப்படிப் பூசுவது என்ற நான்கு வரியை நான் இரண்டு மொழியிலும் போட்டேன். அதைப் பாராட்டியவர்கள் எல்லாம் மாமியார்கள்தான்.

இரண்டாவது லாட் நிறம் மாறி வந்தால்?

வரும். முதல் லாட்டில் ஷேடுக்கு இரண்டு பாட்டிலைத் திறக்காமல் இருட்டில், குளிர்ச்சியான இடத்தில் எடுத்து வையுங்கள். புது லாட்டைப் பணம் கொடுக்கும் முன் அதோடு ஒப்பிடுங்கள். நிறமானி வைத்திருக்கும் ஃபேக்டரி என்றால் இரண்டு நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் 'டெல்டா ஈ' என்ற எண்ணைக் கேளுங்கள். 1-க்குள் இருந்தால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. இந்த எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட்டால், பிறகு வாய்ச்சண்டை வேண்டியதில்லை.

"ரெண்டு ஷேடு தூக்கிப் போடுங்க" என்று, அதாவது சொந்த நிறத்தைவிட வெளுப்பாகக் கேட்பவர்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பெரும்பாலும் பெண் கேட்பதில்லை, கூட வந்தவர்கள் கேட்பார்கள். வாதம் செய்து பயனில்லை. பாதி முகத்தில் அவர்கள் கேட்டதையும், பாதி முகத்தில் அவளுடைய ஷேடையும் போட்டு, வாசலில் நிறுத்தி போனில் போட்டோ எடுத்துக் காட்டுவேன். பத்தில் எட்டுப் பேர் பேசாமல் இரண்டாவதையே போடச் சொல்லிவிடுவார்கள். மிச்சம் இரண்டு பேருக்கு ஒரு ஷேடு ஏற்றிப் போட்டுக் கழுத்துக்கும் சேர்த்துப் பூசிவிடுவேன், என்ன செய்ய? ஆனால் பாட்டிலில், போஸ்டரில் 'வெளுப்பு', 'சிவப்பழகு' என்ற சொல் மட்டும் கிடையாது. ஃபேர் அண்ட் லவ்லியே 2020-இல் பெயரிலிருந்த 'ஃபேர்'ஐ எடுத்துவிட்டது.

விற்காமல் மீந்த ஷேடை என்ன செய்வது?

என்னிடம் மீந்தது நம்பர் 1. இருப்பதிலேயே வெளிர்ந்தது, ஆர்டர் எடுப்பதற்கு முன் எல்லோரும் "அது நெறைய வைங்கக்கா" என்று சொன்னது. கொஞ்சமாக எடுத்தும் அலமாரியில் இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறது. காலாவதிக்குள் பார்லரில் நம்பர் 3-உடன் கலக்கப் பயன்படுத்தித் தீர்க்கிறேன். நம்பர் 7-க்கு இந்தத் தை மாதத்தோடு மூன்றாவது தடவை ஆர்டர் போட்டாகிவிட்டது.